உயர்தர சைவம்... அப்போ மீன் குழம்பு என்ன தரம்?

கடலூரிலிருந்து வரும் பஸ் மதியம் ஒரு மணிக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைகிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. இறங்குகிற வெளியூர்க்காரருக்கு அகோரப் பசி. போகிற ஊரில் அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும் என்ற நல்ல பழக்கம் வேறு அவருக்கு இருக்கிறது. நிமிர்ந்து பார்க்கிறார். ஒரு போர்டில் "உயர்தர சைவ உணவகம்". பக்கத்திலேயே இன்னொன்று, அதிலும் அதே வாசகம். கொஞ்சம் தள்ளி "உயர்தர சைவ அசைவ உணவகம்". அதற்கும் தள்ளி, சிரிக்கிற கோழி படம் போட்டு (தன்னைத் தின்ன வரச்சொல்லி ஒரு கோழி ஏன் சிரிக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் தீராத மர்மங்களில் ஒன்று) ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், பரோட்டா, தந்தூரி.

அரை மணி நேர பஸ் தூரத்தில் கிள்ளை, பிச்சாவரம். இன்னொரு பக்கம் பரங்கிப்பேட்டை. வந்த வழியில் கடலூர் துறைமுகம், தேவனாம்பட்டினம். கடல் அவர் கூடவே வந்திருக்கிறது. அந்தக் கடலோரத்துச் சமையல் மட்டும் எந்த போர்டிலும் இல்லை. மாவட்டத்துக்காரர்கள் வீட்டில் தினமும் கொதிக்கிற குழம்பு, வெளியே சாப்பிடப் போனால் காணாமல் போய்விடுகிறது.

இதற்கு ஓட்டல் முதலாளிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. திட்ட வேண்டியது ஒரு சொல்லை. "உயர்தர".

இந்த உயர்தரத்தை யார் அளந்தது? எந்த அலுவலகமும் இப்படி ஒரு சான்றிதழ் கொடுப்பதில்லை. உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று ஒரு காகிதம் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும். அதில் எண் இருக்கும், உயர்தரம் என்று ஒரு எழுத்தும் இருக்காது. சாம்பார் தண்ணீராக இருந்தாலும் உயர்தரம். இட்லியை எறிந்தால் ஆள் மயக்கம் போட்டு விழுவான், அதுவும் உயர்தரம். சமைத்த விதத்துக்கோ, சுத்தத்துக்கோ, ருசிக்கோ கொடுத்த பட்டம் இல்லை இது. மீனும் கறியும் உள்ளே வராது என்பதற்குக் கொடுத்த பட்டம். அதாவது, என்ன இல்லை என்பதுதான் இங்கே தரம்.

"அசைவ ஓட்டலிலும்தான் உயர்தர என்று போடுகிறார்கள்" என்று சிலர் கிளம்புவார்கள். போடுகிறார்கள், உண்மை. ஆனால் "உயர்தர சைவ அசைவ" என்ற வரிசையைக் கவனியுங்கள். "அசைவ சைவ" என்று திருப்பி எழுதிய போர்டைத் தேடினாலும் கிடைப்பது அரிது. சைவத்துக்கு உயர்தரம் பிறவியிலேயே வந்த சொத்து. அசைவக் கடை அதே சொல்லைப் போட்டுக்கொள்வது "எங்கள் கடையும் சுத்தமானதுதான், வாங்க சார்" என்று கையைப் பிசைவது. முன்னவர் சொல்வது அறிவிப்பு, பின்னவர் சொல்வது விண்ணப்பம்.

சைவம் என்ற சொல்லே ஒரு வேடிக்கை. அது ஒரு சமயத்தின் பெயர். சிவனைக் கும்பிடுகிறவர்களின் சமயம். அது எப்படியோ கத்தரிக்காயின் பெயராகிவிட்டது. சரி, அந்தச் சமயத்தின் அடியார்கள் என்ன சாப்பிட்டார்கள்? சாமிக்கு என்ன கொடுத்தார்கள்? சேக்கிழாரின் பெரியபுராணம் அரங்கேறியது இதே சிதம்பரம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் என்பது மரபு. அரங்கேறிய அந்தக் காவியத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், "உயர்தர சைவ" போர்டு எழுதுகிற பெயிண்டருக்குக் கை நடுங்கும். காளத்தியில் கண்ணப்பர் பன்றிக் கறியை வாயில் வைத்து ருசி பார்த்து, நல்ல துண்டாகப் பொறுக்கிச் சிவனுக்குப் படைக்கிறார். நாகப்பட்டினத்து அதிபத்தர் செம்படவர். தினமும் வலையில் விழுந்ததில் முதல் மீன் சிவனுக்கு. பஞ்ச காலத்தில் ஒற்றை மீன் கிடைத்தால் அதுவும் சிவனுக்குத்தான், வீட்டில் பட்டினி. இவர்கள் இருவரும் அறுபத்து மூவரில் அடக்கம். சிவன் கோயில் பிராகாரத்தில் வரிசையாக நிற்கிறார்கள், பூவும் விபூதியும் போடுகிறார்கள். மீனும் கறியும் கொண்டுவந்த நாயன்மாருக்குக் கோயிலில் இடமுண்டு. அவர்கள் கொண்டுவந்ததற்குக் கோயிலுக்கு நாலு தெரு தள்ளியிருக்கிற ஓட்டலில் "உயர்தரம்" கிடையாது. சைவத்தின் பெயராலேயே கிடையாது!

அடுத்தது "அசைவம்". சைவம் அல்லாதது. ஒரு ஊரின் பெரும்பாலோர் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு, கொஞ்சம் பேர் சாப்பிடுகிறது "அல்ல" என்று பெயர். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் 2014 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் மீனோ கறியோ முட்டையோ சாப்பிடுகிறவர்கள் என்று வந்தது. நூறில் 97 பேரை "மற்றவர்கள்" என்று கூப்பிடுகிற சொல் வேறு எந்தத் துறையிலாவது இருக்கிறதா?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கொத்சு ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். சிதம்பரம் கொத்சு மட்டமான சாப்பாடு என்று யாரும் சொல்லவில்லை. பிஞ்சுக் கத்தரிக்காய், புளி, மல்லியும் கடலைப்பருப்பும் மிளகாயும் வறுத்துப் பொடித்த பொடி, மேலே நல்லெண்ணெய். நடராஜருக்குப் படைக்கிற சம்பா சாதத்தோடு அது சேரும்போது – மிளகும் சீரகமும் நெய்யும் ஒரு பக்கம், புளிப்பும் காரமும் இன்னொரு பக்கம் – அது நிஜமாகவே பெரிய சமையல். அதை ஊருக்கு ஊர் போர்டில் எழுதட்டும். எழுத வேண்டியதுதான்.

ஆனால் அதே கத்தரிக்காய்க்கு இந்த மாவட்டத்தில் இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. கருவாட்டுக் குழம்பில். நெத்திலிக் கருவாடோ வாளைக் கருவாடோ வெந்நீரில் அலசிப் போட்டு, கத்தரிக்காயை நாலாக வகுந்து போட்டு, மாங்காய்க் காலமாக இருந்தால் இரண்டு துண்டு மாங்காய், பலாக் காலமாக இருந்தால் பண்ருட்டிப் பலாக்கொட்டையைத் தோல் நீக்கிப் போட்டு, புளியைக் கரைத்து ஊற்றிச் சுண்ட விடுகிற குழம்பு. கடலூர்க் கடல், பண்ருட்டிச் செம்மண், எந்த ஊர்த் தோட்டத்துக் கத்தரிக்காயோ, எல்லாம் ஒரே சட்டியில். மாவட்டத்தின் வரைபடத்தையே கொதிக்க வைத்த மாதிரி. முதல் நாள் வைத்ததை மறுநாள் பழைய சோற்றோடு சாப்பிடுகிறவர்களிடம் அதன் அருமையைக் கேட்டுக்கொள்ளலாம். கொத்சுவுக்குள் போன கத்தரிக்காய் முன் வாசல் வழியாக ஓட்டலுக்குள் போகிறது. கருவாட்டோடு சேர்ந்த கத்தரிக்காய் கொல்லைப்புறத்திலேயே நின்றுவிடுகிறது. கத்தரிக்காய் செய்த பாவம் என்ன?

கருவாடு என்றாலே மூக்கைப் பொத்துகிறவர்களை விடுங்கள். "மீன் இருக்கிறதே, வஞ்சிரம் வறுவல் எல்லா ஏசி ஓட்டலிலும் போடுகிறார்களே" என்பார்கள். அதுதான் சிக்கல். வஞ்சிரம் மட்டும்தான் போடுகிறார்கள். முள் தொல்லை குறைந்த, வட்டமாக வெட்டினால் தட்டில் அழகாக உட்காருகிற, விலை கூடிய மீன். காரப்பொடி எங்கே? கவலை மீன் எங்கே? மத்தியை லாரி ஏற்றிக் கேரளத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே அது வீட்டிலும் கடையிலும் ராஜா. இங்கே "அது குப்பத்து ஜனங்க சாப்பிடறது". சுறாப்புட்டு, சென்னாக்குனித் துவையல், நண்டை உடைத்துப் போட்ட ரசம் – இதெல்லாம் மெனு கார்டில் ஏறவே ஏறாது. பிச்சாவரத்துக் கழிமுகத்தில் தண்ணீருக்குள் உட்கார்ந்து கையாலேயே தடவித் தடவி இறால் பிடிக்கிற இருளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிடித்த இறால் எத்தனையோ கை மாறி எங்கேயோ போகிறது. சுரபுன்னைக் காட்டைப் படகில் சுற்றிப் பார்த்து, "இதயக்கனி" இங்கேதான் எடுத்தார்கள் என்று போட்டோ பிடித்துக்கொண்டு திரும்புகிற சுற்றுலாப் பயணி, சிதம்பரம் வந்து சில்லி பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போகிறார்.

இன்னொரு கூத்து. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. நாடறிந்த மையம். அந்த மீனைப் பற்றி அங்கே முனைவர் பட்டமே வாங்கலாம். வாங்கியவர் அதைக் கொண்டாடச் சிதம்பரத்தில் நண்பர்களுக்கு "உயர்தர" இடத்தில் விருந்து வைத்தால், தான் ஆராய்ச்சி பண்ணின மீன் இலையில் இருக்காது.

போர்டுச் சொல்லுக்காக ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் ஓட்டல் போர்டுச் சொல்லுக்காக ஜெயிலுக்கே போயிருக்கிறார்கள். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்தது. நீதிக் கட்சியும் பெரியாரும் போராடி 1941-ல்தான் அது போனது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் "பிராமணாள்" என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் நடந்தது. தினமும் ஆட்கள் போனார்கள், கைதானார்கள், மறுநாள் வேறு ஆட்கள் போனார்கள். கடைசியில் சொல் போனது. அந்தச் சொல் போனது, அது செய்துகொண்டிருந்த வேலை போகவில்லை. உள்ளே யார் சமைக்கிறார்கள் என்று சொல்லிப் பெருமைப்பட்டது நின்று, உள்ளே என்ன சமைக்கமாட்டார்கள் என்று சொல்லிப் பெருமைப்படுவது தொடர்கிறது.

சாதியைக் காட்டி உணவகத்தில் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு 1950-லேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் அதே உரிமை சட்டமானது 1964-ல். பதினான்கு வருடம் முந்திக்கொண்டோம் என்று மார் தட்டிக்கொள்ளலாம். தட்டுகிற கையோடு கிராமத்து டீக்கடைகளின் இரட்டைக் குவளையையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கப் பேச்சு வந்ததால் அதையும் பார்த்துவிடலாம். அங்கே கறுப்பின மக்களின் சமையலுக்கு "சோல் ஃபுட்" என்று பெயர். ஆன்மாவின் சாப்பாடு. 1960களில் பரவிய பெயர். தென்மாநிலங்களின் பருத்திக் காட்டு அடிமைகளுக்கு முதலாளி அளந்து கொடுத்தது சோள மாவும் உப்புப் போட்ட பன்றிக் கறியும். எஜமானுக்கு வேண்டாத குடல், கால், காது எல்லாம் இவர்களுக்கு. அதோடு கீரை. கூடவே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வெண்டைக்காயும் காராமணியும் (ஆமாம், கருவாட்டுக் குழம்பில் விழுகிற அதே காராமணிதான்). கழிவென்று தள்ளியதை ருசியாக்கினார்கள். பிறகு அந்தச் சமையலை மூடி மறைக்கவில்லை. தெற்குக் கரோலினாவில் பிறந்த சில்வியா வுட்ஸ் 1962-ல் நியூயார்க் ஹார்லெமில் தன் பெயரிலேயே கடை போட்டார். ஜனாதிபதி ஆக ஆசைப்படுகிறவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். 2007-ல் ஒபாமாவும் வந்தார். அதற்கு முன்னால் 1960 பிப்ரவரி 1-ம் தேதி, கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நாலு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்தார்கள். காபி கேட்டார்கள், கொடுக்கவில்லை. கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. கல்லூரிப் பையன்கள்! இரண்டும் சேர்ந்துதான் அங்கே மாற்றம் வந்தது – எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடும் உரிமை ஒன்று, தன் சாப்பாட்டைத் தலை நிமிர்ந்து பரிமாறும் உரிமை இன்னொன்று. இங்கே முதலாவதற்குப் போராட்டம் நடந்தது. இரண்டாவதை யாரும் பெரிதாகக் கேட்கவே இல்லை.

கேட்காததன் விலையைக் கல்லூரி விடுதிகளில் பார்க்கலாம். விடுமுறை முடிந்து ஊரிலிருந்து வருகிற பையன் பெட்டிக்குள் அம்மா செய்து கொடுத்த கருவாட்டுத் தொக்கு பாட்டில் இருக்கும். நாலு பாலிதீன் பை சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, துணிக்கு அடியில். பக்கத்து அறைக்காரன் வீட்டு நெய் முறுக்கு மேஜைமேல் இருக்கும். தொக்கு பாட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வெளியே வரும். அவனை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்த போர்டுகளே போதுமானதாக இருந்திருக்கின்றன. வெட்கப்படுகிற பழக்கம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி விடுதி மெஸ் ஒன்றில் சைவம் சாப்பிடுகிறவர்கள் நுழையத் தனி வழி, கை கழுவத் தனி இடம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்தபிறகு கிழித்தார்கள். 2024 மார்ச்சில் சொமேட்டோ சுத்த சைவக்காரர்களுக்கென்று தனி டெலிவரி அணியும் பச்சைச் சட்டையும் அறிவித்து, கிளம்பிய கூச்சலில் மறுநாளே சட்டையை மட்டும் கழற்றியது. அணியைக் கலைக்கவில்லை. மூளைக்காரர்கள் கூடுகிற இடத்திலும் இதே கதை, செல்போனிலும் இதே கதை.

மாட்டுக்கறியைப் பற்றிப் பேசினால் இன்னும் மோசம். அசைவத்துக்குள்ளேயும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. ஆட்டுக்கறி மேலே, கோழி நடுவில், மீன் கொஞ்சம் கீழே, கருவாடு அதற்கும் கீழே, பன்றியும் மாடும் படிக்கட்டிலேயே கிடையாது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டு பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றார்கள். ஆம்பூரில்! எதிர்ப்புக் கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவைத் தள்ளி வைத்தார்கள். இது பாகுபாடுதான் என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. அரசாங்கமே போர்டு எழுதினாலும் அதே பெயிண்டர்தான் என்று புரிகிறது. மீன் குழம்புக்குப் போர்டு வேண்டும் என்று கேட்கிறவர், சிதம்பரத்தில் மாட்டுக்கறிக்கும் ஒரு போர்டு வேண்டும் என்று கேட்கத் தயங்கினால், அவரும் அந்தப் படிக்கட்டில் தனக்குக் கீழே ஒரு படி வைத்திருக்கிறார் என்றுதான் பொருள்.

எதிர்த்தரப்பில் கனமான வாதம் ஒன்றுதான். வள்ளலார். மாவட்டத்துக்காரர் வேறு, தட்டிக்கழிக்க முடியாது. புலால் கூடாது என்பதில் அவர் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதவர். கொன்று தின்கிறவர்களைப் புற இனத்தார் என்றே பிரித்தவர். ஆனால் 1867 மே 23 அன்று வடலூரில் அவர் ஏற்றிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. அந்தத் தருமசாலையில் சாதி கேட்பதில்லை, காசும் கேட்பதில்லை. தான் புற இனம் என்று சொன்னவர்களின் பசியையும் போக்கத்தான் வேண்டும் என்றார். அவருடைய மறுப்பு உயிர் மேல் வைத்த இரக்கம். அதை ஒத்துக்கொள்ளாதவர்கூடக் கும்பிடலாம். அந்த அடுப்பின் பக்கத்தில் "உயர்தர" என்று எழுதினால் எவ்வளவு அசிங்கமாக இருக்கும்! வடலூரில் பசி என்று வந்தவர் மனிதர். சிதம்பரத்து போர்டு போட்டது சாப்பிட வருகிறவரைத் தரம் பிரிக்க. வள்ளலாரைத் துணைக்குக் கூப்பிடுகிற ஓட்டல்காரர் முதலில் பில் போடுவதை நிறுத்தட்டும்.

"வியாபாரம் சார், மீன் விலை தினம் மாறும், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், மெனு கார்டு எப்படி அடிப்பது" என்பதும் ஒரு வாதம். தக்காளி விலை மாறுவதில்லையா? தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, சிறிய படகுகள் போகும். அப்போது வீடுகளில் கருவாடும் சென்னாக்குனியும் இறங்கும். ஆறு வகை தோசையை அறுபது வகையாக எழுதத் தெரிந்தவர்களுக்கு, "இன்றைய மீன்" என்று ஒரு வரி எழுதத் தெரியாதா? மதுரைப் பக்கம் வடக்கம்பட்டிக்காரர்கள் தங்கள் குலசாமி முனியாண்டியின் பெயரையே போர்டில் எழுதிக் கறிச்சோற்றை ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். வருடா வருடம் சாமிக்குப் பிரியாணியே பிரசாதம். அவர்கள் "உயர்தர" என்ற சொல்லுக்காகக் காத்திருக்கவில்லை, கடை ஒன்றும் மூழ்கிப் போகவில்லை.

மீன் சாப்பிடாமல் ஒதுக்குவது வெறும் ருசி விஷயம் இல்லை என்பதைக் கடலோரம் ஒரு தடவை பார்த்துவிட்டது. 2004 டிசம்பர் 26-ல் இந்த மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் செத்தார்கள். உயிரையும் படகையும் வலையையும் இழந்து, பிழைத்தவர்கள் மறுபடி கடலுக்குப் போய்ப் பிடித்து வந்த மீனை, பிணம் தின்ற மீன் என்று சொல்லி வாங்காமல் விட்டார்கள். விலை தரையில் விழுந்தது. ஊர் முழுக்கப் பெருமையாகப் பரிமாறுகிற சாப்பாடாக மீன் இருந்திருந்தால், அந்த வதந்தி அவ்வளவு சுலபமாக ஜெயித்திருக்குமா?

நிஜமான கடலூர்ச் சாப்பாடு வெளியே கிடைக்கவே கிடைக்காது என்பதும் பொய். கிடைக்கிறது. துறைமுகத்துப் பக்கம், பஸ் ஸ்டாண்டுகளுக்குப் பின்னால், ஓலையோ தகரமோ போட்ட கொட்டகையில், ஒரு அக்காவும் அவர் மகளும் நடத்துகிற மெஸ். நாலு பெஞ்சு. வெளியே தெரியாமல் இருக்க ஒரு பழைய சேலை தடுப்பு. காலையில் ஏலத்தில் என்ன விழுந்ததோ அதுதான் மதியம் குழம்பு. சோறு, குழம்பு, ரசம், இரண்டு துண்டு வறுத்த சங்கரா. கேட்டால் மட்டும் வருகிற கருவாடு. லோடுமேன், பேங்க் குமாஸ்தா, கான்ஸ்டபிள், காலேஜ் பையன், எல்லாரும் முட்டி இடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். அக்கடைக்குப் பெயர் கிடையாது. பெயிண்ட் அடித்த போர்டும் கிடையாது. வாசலில் பிள்ளைகள் படிக்கிற சிலேட்டில் சாக்பீஸால் "மீன் கொழம்பு ரெடி" என்று மட்டும். இரண்டரை மணிக்குக் குழம்பு தீர்ந்ததும் அந்த மகள் ஈரத்துணியால் அதைத் துடைத்து எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். ஒரு மணி பஸ்ஸில் இறங்கி, போர்டு போர்டாகப் பார்த்து, கடைசியில் யாரோ வழி சொல்லி மூன்று மணிக்கு வந்து சேர்கிற வெளியூர்க்காரர் பார்ப்பது சேலைத் தடுப்பையும் கழுவிக் கவிழ்த்த சட்டியையும்தான்.